ஹோஸ்ட் ஏன் சேரவில்லை? கேவிஎம் ஹோஸ்ட் அமைப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரைவேட் கிளவுடில் ஒரு புதிய ஹோஸ்டைச் சேர்ப்பது, ஆவணத்தைப் படித்தால் அரை மணி நேர வேலை. கையில் எடுத்தால் ஒரு நாள் ஓடிவிடும். அந்த ஒரு நாளில் எழும் கேள்விகள்தான் இங்கே இருக்கின்றன. ஹோஸ்ட் என்று நான் சொல்வது, விஎம்கள் (மென்பொருளால் உருவான மெய்நிகர் கணினிகள்) ஓடும் அசல் சர்வரை. அதில் லினக்ஸ் இருக்கும். லினக்ஸின் மையமான கெர்னலுக்குள், விஎம்களை அசல் சிபியுவிலேயே ஓடவைக்கும் கேவிஎம் இருக்கும். விஎம்களை எழுப்பவும் நிறுத்தவும் லிப்விர்ட் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கிளவுட்ஸ்டாக், ஓபன்ஸ்டாக் போன்ற மேலாண்மை மென்பொருள் உட்கார்ந்திருக்கும். கோளாறு எந்த அடுக்கில் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கண்டுபிடித்த பிறகு சரிசெய்வது பல நேரம் ஒரே ஒரு வரி.

திரையில் "ஹோஸ்டைச் சேர்க்க முடியவில்லை" என்று மட்டும் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அந்த வாக்கியத்தை நம்பி எதையும் மாற்றாதீர்கள். மேலாண்மைத் திரைக்கு விஷயம் கடைசியில்தான் தெரியவரும். அது சொல்வது காதில் விழுந்த செய்தி. ஹோஸ்டில் இருக்கும் லாக்தான் நேரில் பார்த்த சாட்சி.

சேர்க்கும் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கிளவுட்ஸ்டாக்கில் மேலாண்மை சர்வர் முதலில் எஸ்எஸ்எச் மூலம், போர்ட் 22 வழியாக, ஹோஸ்டுக்குள் நுழைகிறது. அங்கே ஏஜென்டை, அதாவது ஹோஸ்டில் தன் சார்பாக வேலை செய்யும் நிரலை, அமைத்துக் கிளப்பிவிடுகிறது. அப்புறம் திசை மாறுகிறது. ஏஜென்ட் தன் பக்கத்திலிருந்து மேலாண்மை சர்வரின் போர்ட் 8250-ஐத் தேடிப் போய் இணைகிறது. போவது ஒரு வழி, வருவது இன்னொரு வழி.

இது தெரிந்தால் கடிகாரத்தைப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடலாம். அழுத்திய சில நொடிகளில் பிழை வந்தால், போகும் வழியில் சிக்கல்: கடவுச்சொல் தவறு, ரூட் பயனருக்கு எஸ்எஸ்எச் அனுமதி இல்லை, அல்லது ஃபயர்வால். பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்து அப்புறம் பிழை வந்தால், திரும்பும் வழியில் சிக்கல்: ஏஜென்ட் எழவே இல்லை, அல்லது எழுந்தும் 8250-ஐத் தொட முடியவில்லை. இரண்டாவது வகைக்கு மேலாண்மை சர்வரின் லாக்கில் எவ்வளவு தேடினாலும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. ஹோஸ்டில் உள்ள ஏஜென்ட் லாக்கைத் திறந்து கடைசி ஐம்பது வரியைப் படியுங்கள்.

ஓபன்ஸ்டாக்கில் யாரும் ஹோஸ்டுக்குள் வருவதில்லை. ஹோஸ்டில் ஓடும் நோவா-கம்ப்யூட் சேவைதான், செய்திகளைக் கைமாற்றும் ராபிட்எம்க்யூவின் போர்ட் 5672-க்குப் போய்த் தன் இருப்பைச் சொல்கிறது. அங்கே எப்போதும் ஒரே திசைதான்.

பயாஸில் விர்ச்சுவலைசேஷனைப் போட்டுவிட்டேன். ஆனாலும் "பயாஸ் முடக்கியிருக்கிறது" என்று கெர்னல் சொல்கிறதே?

இன்டெல் சிபியுவில் இதன் பெயர் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். சிபியு தகவல் கோப்பில் விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் என்ற கொடி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. ஆனால் பழைய கெர்னல்களில் பயாஸ் பூட்டியிருந்தாலும் அந்தக் கொடி தெரியும். சிபியுவுக்குத் திறமை இருக்கிறது என்பது மட்டும்தான் அதன் பொருள். நம்ப வேண்டியது, சாதனக் கோப்பகத்தில் கேவிஎம் என்ற கோப்பு இருக்கிறதா என்பதை. அது இல்லையென்றால் மேலே எதைச் செய்தும் பயன் இல்லை.

சில போர்டுகளில் அமைப்பை மாற்றிவிட்டு ரீபூட் செய்தால் போதாது. மின்சாரத்தையே துண்டித்து, சில நொடி விட்டு மறுபடி கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். பத்து சர்வரில் ஒன்பது சரியாக இருந்து ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், அதில் மட்டும் அண்மையில் ஃபர்ம்வேர் மாறியதா என்று கேளுங்கள்.

சோதனைக்காக யாராவது அதே சர்வரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு ஒரு விஎம்மை ஓடவிட்டிருந்தாலும் இடிக்கும். சிபியுவின் அந்த வசதியை ஒரே நேரத்தில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள முடியாது.

ஹோஸ்டைச் சோதிக்கும் விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் கட்டளை சில எச்சரிக்கைகளைக் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

தோல்வி என்று வந்தால் பயப்படுங்கள். எச்சரிக்கை என்று வருபவை பெரும்பாலும் ஐஓஎம்எம்யு (அட்டைகளை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்க உதவும் வசதி) அல்லது பாதுகாப்பான கெஸ்ட் (கெஸ்ட் என்றால் விஎம்) பற்றியவை. கிராஃபிக்ஸ் அட்டையையோ நெட்வொர்க் அட்டையையோ நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கப்போவதில்லை என்றால் ஐஓஎம்எம்யு எச்சரிக்கையை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு விஎம்முக்குள்ளேயே ஹோஸ்டை அமைத்துப் பழகிப் பார்க்கலாமா?

தாராளமாக. வெளியே உள்ள கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இன்டெல் சிபியுவில் இந்த உள்ளடுக்கு வசதி இயல்பாகவே திறந்திருக்கும். அதற்கு முந்தையது என்றால் கேவிஎம்-இன்டெல் மாட்யூலுக்கு நெஸ்டட் என்ற அளவுருவை 1 என்று கொடுக்க வேண்டும். உள் விஎம்முக்கு வெளி சிபியுவின் கொடிகள் தெரிய, சிபியு வகையை ஹோஸ்ட்-பாஸ்த்ரூ என்று வையுங்கள்.

இதைச் செய்யாவிட்டாலும் சில அமைப்புகளில் விஎம் எழுந்துவிடும். கேவிஎம் இல்லாமல், கியூஎமு மென்பொருளாகவே சிபியுவைப் போலிசெய்து ஓட்டும். ஓடும் என்பதைவிட ஊரும் என்பதே சரி. பூட் ஆக ஐந்து நிமிடம் எடுக்கும் விஎம்மைப் பார்த்து "டிஸ்க் மெதுவாக இருக்கிறது" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அந்த விஎம்மின் எக்ஸ்எம்எல் வரையறையில் டொமைன் வகை கேவிஎம் என்று இருக்கிறதா, கியூஎமு என்று இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

பிரிட்ஜ் போட்டதும் எஸ்எஸ்எச் துண்டித்துப்போய்விட்டது. என்ன தவறு செய்தேன்?

இதைச் செய்யாதவர் இந்தத் தொழிலில் யாரும் இல்லை. பிரிட்ஜ் என்பது விஎம்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச். அதற்குள் போன நெட்வொர்க் அட்டைக்கு அதன் பிறகு சொந்த ஐபி இருக்கக்கூடாது. அட்டை வெறும் வயராக மாறிவிடுகிறது. ஐபி, கேட்வே எல்லாம் பிரிட்ஜின் சொத்து. அட்டையில் பழைய ஐபியையும் விட்டுவைத்தால் ரூட்டிங் குழம்பும். அட்டையிலிருந்து ஐபியை எடுத்துவிட்டுப் பிரிட்ஜில் போட மறந்தால் கதவு மூடிவிடும்.

ஐபிஎம்ஐ கன்சோல் (நெட்வொர்க் அறுந்தாலும் சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டும் வசதி) இருந்தால் இந்த வேலையை அங்கிருந்து செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு பாதுகாப்பு வேண்டும். நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் உள்ள கணினிகளில் 'ட்ரை' என்ற கட்டளை 120 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும் என்பார்கள். உண்மைதான். ஆனால் பிரிட்ஜுக்கோ பாண்டுக்கோ (பல அட்டைகளை ஒன்றாகக் கட்டிய இணைப்பு) தனி அளவுருக்கள் கொடுத்திருந்தால் "இதைத் திரும்ப எடுக்க என்னால் முடியாது" என்று அது கைவிரித்துவிடும். மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது கைகொடுக்காது! நான் செய்வது பழைய முறை: பழைய அமைப்புக் கோப்பின் நகலை வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் அதைத் திரும்பப் போட்டு நெட்வொர்க்கை மறுபடி எழுப்பும்படி 'அட்' கட்டளையில் நேரம் குறித்துவிடுவேன். எல்லாம் சரியாக வந்தால் அந்த வேலையை ரத்து செய்வேன். வராவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன்.

பிரிட்ஜுக்குப் பெயர் வைக்கும்போது 15 எழுத்தைத் தாண்டாதீர்கள். லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயருக்கு அதுதான் எல்லை.

விஎம் எழுகிறது, பிரிட்ஜில் இணைந்திருக்கிறது, ஆனால் டிஎச்சிபி மூலம் ஐபி வரவில்லை.

இங்கே ஊகிப்பதை நிறுத்திவிட்டு, ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபி-டம்ப்பைத் திறக்க வேண்டும். மூன்று டெர்மினல் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் விஎம்மின் டேப் இன்டர்ஃபேஸ், அதாவது வி-நெட் என்று தொடங்கும் பெயர். இரண்டாவதில் பிரிட்ஜ். மூன்றாவதில் அசல் நெட்வொர்க் அட்டை. மூன்றிலும் போர்ட் 67, 68 மட்டும் தெரியும்படி வடிகட்டுங்கள். இப்போது விஎம்முக்குள் டிஎச்சிபியை மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

முதல் திரையில் கேள்வி ஓடுகிறது, மூன்றாவதில் ஒன்றும் இல்லை என்றால் ஹோஸ்டே பாக்கெட்டை விழுங்குகிறது. மூன்றாவதிலும் கேள்வி வெளியே போகிறது, பதில் மட்டும் வரவில்லை என்றால் ஸ்விட்ச் பக்கம் பாருங்கள். பதில் மூன்றாவது திரை வரை வந்து முதலாவதுக்கு வராவிட்டால் மறுபடியும் ஹோஸ்ட்தான். இரண்டு நிமிட வேலை. நெட்வொர்க் ஆட்களோடு நடக்கப்போகும் அரை நாள் வாக்குவாதம் மிச்சம்.

ஹோஸ்ட் விழுங்குகிறது என்றால் நான் முதலில் கேட்பது: இந்த ஹோஸ்டில் டாக்கர் இருக்கிறதா? டாக்கர், லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்ட் சங்கிலியின் இயல்பு விதியை டிராப் என்று மாற்றுகிறது. பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் ஏறியிருந்தால், பிரிட்ஜுக்குள் போகும் பாக்கெட்டுகளும் அந்தச் சங்கிலி வழியாகவே போகும். போய் அங்கேயே செத்துவிடும். விஎம் ஹோஸ்டில் டாக்கரையும் போடாமல் இருப்பதே மேல். போட்டே ஆக வேண்டுமென்றால் பிரிட்ஜுக்கு அனுமதி விதி எழுதுங்கள்.

அடுத்த சந்தேகம் எஸ்டிபி, நெட்வொர்க்கில் சுழல் வராமல் தடுக்கும் முறை. பிரிட்ஜில் எஸ்டிபி போட்டிருந்து தாமதம் இயல்பான 15 நொடியாக இருந்தால், புதிய போர்ட் கேட்கும் நிலையில் 15, கற்கும் நிலையில் 15, ஆக 30 நொடி பாக்கெட்டைக் கடத்தாது. அதற்குள் விஎம்மின் டிஎச்சிபி சலித்துப்போய் விட்டுவிடும். கையால் மறுபடி கேட்டால் ஐபி வந்துவிடுகிறது, பூட்டின்போது மட்டும் வருவதில்லை என்றால் இதுதான். பிரிட்ஜுக்கு ஒரே ஒரு வெளிவழி இருக்கும் ஹோஸ்டில் எஸ்டிபியை அணைத்துத் தாமதத்தைப் பூஜ்யம் ஆக்கலாம்.

ஸ்விட்ச் பக்கம் என்றால் இரண்டு கேள்வி. அந்த விலான் எண் டிரங்க் போர்ட்டில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? போர்ட் செக்யூரிட்டி ஒரே ஒரு மேக் முகவரிக்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கிறதா? இரண்டாவது இருந்தால் ஹோஸ்ட் நன்றாகப் பேசும், அதன் விஎம்கள் மட்டும் ஊமையாக இருக்கும்.

பாண்டிங்கில் எல்ஏசிபி (ஸ்விட்சோடு பேசி அட்டைகளை ஒன்றாகக் கட்டும் முறை) பயன்படுத்துபவர்கள் பாண்டு நிலைக் கோப்பில் எதிர்த்தரப்பு மேக் முகவரியைப் பாருங்கள். எல்லாம் பூஜ்யமாக இருந்தால் ஸ்விட்சில் எல்ஏசிபி போடவே இல்லை என்று அர்த்தம்.

பிங் போகிறது, எஸ்எஸ்எச் கூட இணைகிறது. ஆனால் பெரிய கோப்பை அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. இந்த அறிகுறிக்கு நான் வேறு எதையும் முதலில் பார்ப்பதில்லை.

உடைக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்த்தால் சரியாக 1500. ஜம்போ ஃப்ரேம் 9000 என்று வைத்திருந்தால் 8972. ஹோஸ்டிலும் ஸ்டோரேஜிலும் 9000 போட்டு நடுவில் உள்ள ஸ்விட்சை மறந்துவிடுவது வாடிக்கை.

ஒரு நெட்வொர்க்கின் மேல் இன்னொன்றை ஓட்டும் விஎக்ஸ்லான் பயன்படுத்தினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் கூடுதல் உறை. அடியில் 1500 இருந்தால் விஎம்முக்கு 1450தான் மிஞ்சும். ஒன்று விஎம்மில் குறையுங்கள், அல்லது அடியில் கூட்டுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு மென்பொருள் என்றால் போர்ட்டையும் ஒப்பிடுங்கள்: விஎக்ஸ்லானுக்கு ஒதுக்கப்பட்டது 4789, லினக்ஸ் கெர்னலின் பழைய இயல்பு 8472.

ஹோஸ்டின் பெயருக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

லைவ் மைக்ரேஷனில், அதாவது ஓடும் விஎம்மை நிறுத்தாமல் நகர்த்துவதில், ஒரு ஹோஸ்ட் இன்னொன்றிடம் "உன் பெயர் என்ன?" என்று கேட்டு, அந்தப் பெயருக்குத்தான் விஎம்மை அனுப்புகிறது. உபுண்டு, டெபியன் நிறுவும்போது ஹோஸ்ட் பெயரை 127.0.1.1 என்ற முகவரியோடு ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவிடும். அதனால் பெயரைத் தேடினால் தன்னையே காட்டும். லிப்விர்ட் இதைப் பார்த்து, பெயர் லோக்கல்ஹோஸ்ட் என்று தீர்கிறது, முழுப் பெயர் வேண்டும் என்று மைக்ரேஷனை மறுக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு மேலாண்மை நெட்வொர்க்கின் உண்மையான ஐபியை எழுதுங்கள். முழுப் பெயரைக் கேட்கும் கட்டளை ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகே ஹோஸ்டைச் சேருங்கள். சேர்த்த பிறகு பெயரை மாற்றாதீர்கள். பழைய ஓபன்ஸ்டாக் பதிப்புகள் அதைப் புதிய ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும், பழையது பேயாக நிற்கும்.

ஒரு ஹோஸ்டை முழுதாக அமைத்து, அதன் டிஸ்கை நகலெடுத்து மற்ற ஹோஸ்டுகளுக்குப் போட்டேன். இப்போது வினோதமாக ஏதேதோ நடக்கிறது.

நகலில் அடையாளங்களும் சேர்ந்து வந்துவிட்டன. மெஷின்-ஐடி ஒன்றாக இருந்தால் இரண்டு ஹோஸ்டும் டிஎச்சிபியிடம் ஒரே ஆள் போல நின்று ஒரே ஐபியைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஐஸ்கஸி இனிஷியேட்டர் பெயர் (நெட்வொர்க் வழி டிஸ்குக்கு ஹோஸ்ட் சொல்லும் பெயர்) ஒன்றாக இருந்தால் ஒருவர் இணையும்போது மற்றவர் கழன்றுகொள்வார், அல்லது இருவரும் ஒரே டிஸ்கில் எழுதுவார்கள். இரண்டாவது நடந்தால் தரவு போனது போனதுதான். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் புதிதாக உருவாக்க வேண்டும்.

நகலெடுக்காமலேயே இந்த வலையில் விழ முடியும் என்பது எனக்கு ஒரு முறை விடிய விடிய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று புதிய சர்வர்கள், தனித்தனியாக நிறுவியவை. விஎம்மை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் "கெஸ்டை அதே ஹோஸ்டுக்கே நகர்த்தப் பார்க்கிறாய்" என்ற பொருளில் லிப்விர்ட் மறுத்தது. ஐபி வேறு, பெயர் வேறு, மேக் வேறு. கடைசியில் வன்பொருள் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐ-டிகோட் போட்டுப் பார்த்தால் மூன்று போர்டிலும் தயாரிப்பாளர் ஒரே யுயுஐடியை (தனித்த அடையாள எண்) பதித்து அனுப்பியிருந்தார். லிப்விர்ட் அதைத்தான் ஹோஸ்டின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. லிப்விர்ட் அமைப்புக் கோப்பில் ஹோஸ்ட்-யுயுஐடி என்ற வரியில் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பைக் கொடுத்து மறுபடி எழுப்பியதும் தீர்ந்தது. இப்போது புதிய சர்வர் வந்தால் பெட்டியைப் பிரித்ததும் நான் செய்யும் முதல் வேலை யுயுஐடியை ஒப்பிடுவதுதான்.

லிப்விர்ட் ஓடுகிறது என்று, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்-டி சொல்கிறது. ஏஜென்ட் மட்டும் இணைய முடியவில்லை என்கிறது.

ஓடுவது வேறு, கேட்டுக்கொண்டிருப்பது வேறு. கிளவுட்ஸ்டாக்குக்கு லிப்விர்ட் டிசிபியில் கேட்க வேண்டும்: குறியாக்கம் இல்லாமல் 16509, டிஎல்எஸ் என்றால் 16514. எஸ்எஸ் கட்டளையில் அந்தப் போர்ட் தெரிகிறதா?

தெரியவில்லை, ஆனால் அமைப்புக் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் சிஸ்டம்-டி சாக்கெட்டுகளைப் பாருங்கள். புதிய லிப்விர்ட் பதிப்புகளில் சாக்கெட்டை சிஸ்டம்-டியே திறந்துவைக்கிறது. அந்த நிலையில் பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'லிசன்' அளவுருவைக் கொடுத்தால் லிப்விர்ட் எழவே மறுக்கும். ஒன்று அந்தச் சாக்கெட் யூனிட்டுகளை எல்லாம் மாஸ்க் செய்துவிட்டுப் பழைய முறையில் ஓட்டுங்கள், அல்லது லிப்விர்ட்டின் டிசிபி சாக்கெட் யூனிட்டை இயக்குங்கள். பாதி இது பாதி அது என்று கலந்தால் ஒரு ரீபூட்டில் வேலை செய்யும், அடுத்த ரீபூட்டில் செய்யாது.

ஒரு எச்சரிக்கை. 16509-ஐ அங்கீகாரம் எதுவும் இல்லாமல் திறந்தால், அந்தப் போர்ட்டைத் தொட முடிந்த எவரும் உங்கள் எல்லா விஎம்களுக்கும் எஜமானர். மேலாண்மை நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள்.

புதிய ஹோஸ்டுக்கு லைவ் மைக்ரேஷன் தோல்வியடைகிறது. பழையவற்றுக்குள் சரியாக நடக்கிறது.

பெயரைச் சரிபார்த்தாகிவிட்டதா? அப்படியென்றால் போர்ட்டுகள்: லிப்விர்ட் இயல்பாக 49152 முதல் 49215 வரை பயன்படுத்தும். அதுவும் திறந்திருந்தால் சிபியு. பழைய ஹோஸ்டில் எழுந்த விஎம்முக்கு அந்த சிபியுவின் அம்சங்கள் காட்டப்பட்டுவிட்டன. புதிய ஹோஸ்டில் அவற்றில் ஒன்று இல்லையென்றாலும் நடுவழியில் பிடுங்க முடியாது. தலைமுறை வேறுபட்ட சர்வர்களைக் கலந்து வைக்கும் கிளஸ்டரில் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ வேண்டாம். இருப்பதிலேயே பழைய சிபியுவுக்குப் பொருந்தும் பெயருள்ள மாடலை எல்லோருக்கும் வையுங்கள். கொஞ்சம் வேகம் போகும், போகட்டும். ஒரே மாதிரி சிபியுவிலும் மைக்ரோகோட் பதிப்பு வேறாக இருந்து ஒரு கொடி மறைந்துபோவது உண்டு. இன்டெலையும் ஏஎம்டியையும் ஒரே கிளஸ்டரில் கலக்காதீர்கள்.

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) மவுன்ட் ஆகிறது, ரூட்டாகக் கோப்பும் எழுத முடிகிறது. விஎம் எழும்போது மட்டும் அனுமதி இல்லை என்கிறது.

விஎம்மை ஓட்டுவது ரூட் அல்ல. ரெட்ஹாட் குடும்பத்தில் கியூஎமு என்ற பயனர், டெபியன் குடும்பத்தில் லிப்விர்ட்-கியூஎமு. அந்தப் பயனராக மாறி ஒரு கோப்பைத் தொட்டுப் பாருங்கள். ரூட்டாகச் சோதிப்பதில் பயன் இல்லை. லிப்விர்ட் டிஸ்க் கோப்பின் உரிமையாளரை மாற்றப் பார்க்கும். ஸ்டோரேஜ் பக்கம் ரூட்-ஸ்குவாஷ் இருந்தால் ரூட் அங்கே அநாமதேயர் ஆகிவிடுவதால் அது நடக்காது. கிளவுட்ஸ்டாக்குக்கு நோ-ரூட்-ஸ்குவாஷ் வேண்டும். செலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) உள்ள ஹோஸ்டில் விர்ட்-யூஸ்-என்எஃப்எஸ் என்ற பூலியனும் திறந்திருக்க வேண்டும்.

செலினக்ஸைப் பேசாமல் அணைத்துவிடலாமா?

அணைக்காதீர்கள், பெர்மிஸிவ் என்று வையுங்கள். தடுக்காது, ஆனால் எதைத் தடுத்திருக்கும் என்று லாக்கில் எழுதும். கிளவுட்ஸ்டாக் நிறுவல் வழிகாட்டியே அந்த நிலையைத்தான் கேட்கிறது.

ஹோஸ்ட் அவ்வப்போது தானாக ரீபூட் ஆகிறது. லாக்கில் எந்தத் தடயமும் இல்லை.

மெமரி சிப்பையும் பவர் சப்ளையையும் மாற்றக் கிளம்புவதற்கு முன் ஒரு கேள்வி: கிளவுட்ஸ்டாக்கும் என்எஃப்எஸ் பிரைமரி ஸ்டோரேஜுமா (விஎம்களின் டிஸ்குகள் இருக்கும் இடம்)?

அப்படியென்றால் ரீபூட் செய்வது ஏஜென்டேதான், வேண்டுமென்றே. ஒவ்வொரு ஹோஸ்டும் பிரைமரி ஸ்டோரேஜில் இதயத்துடிப்புக் கோப்பு ஒன்றில் அடிக்கடி நேரத்தை எழுதுகிறது. தொடர்ந்து எழுத முடியாமல் போனால் தன்னையே வெட்டிக்கொள்கிறது. கொடூரமாகத் தெரியும், ஆனால் காரணம் நியாயமானது. ஸ்டோரேஜோடு தொடர்பு அறுந்த ஹோஸ்டில் விஎம் இன்னும் உயிரோடு இருக்கலாம். மேலாண்மை சர்வர் அது செத்துவிட்டது என்று நினைத்து அதே விஎம்மை இன்னொரு ஹோஸ்டில் எழுப்பினால், ஒரே டிஸ்கில் இரண்டு பேர் எழுதுவார்கள். ஃபைல் சிஸ்டம் கந்தலாகிவிடும்.

இந்த ரீபூட், கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் சிஸ்ரிக்யூ வழியாக உடனே நடப்பது. டிஸ்குக்குப் போகாத லாக் வரிகள் அதோடு போய்விடும். அதனால்தான் தடயம் இல்லை. லாக்கை வேறொரு சர்வருக்கு அனுப்பும்படி வைத்தால் கடைசி வரிகள் அங்கே பிழைத்திருக்கும். ஏஜென்ட் அமைப்பில் இந்த ரீபூட்டை நிறுத்தும் அளவுரு இருக்கிறது. அதை நிறுத்துவதைவிட ஸ்டோரேஜ் நெட்வொர்க் ஏன் தடுமாறுகிறது என்று பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் அந்த நேரத்தில் ஓடும் பேக்கப்பைச் சந்தேகியுங்கள்.

ஹோஸ்ட் பச்சையாகத் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு விஎம்கூட எழ மாட்டேன் என்கிறது.

கிளவுட்ஸ்டாக்கில் முதலில் டிராஃபிக் லேபிளை, அதாவது எந்த பிரிட்ஜைப் பயன்படுத்துவது என்று சொல்லும் பெயரைப் பாருங்கள். ஜோனை அமைத்தபோது கொடுத்த பெயரும் ஹோஸ்டில் உள்ள பிரிட்ஜின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கிளவுட்-பிஆர்-0 என்ற இடத்தில் கிளவுட்-பிஆர்-1 இருந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். ஸிஸ்டம் விஎம்களே (கிளவுட்ஸ்டாக் தன் வேலைக்காக எழுப்பும் விஎம்கள்) எழவில்லை என்றால் அவற்றின் டெம்ப்ளேட் செகண்டரி ஸ்டோரேஜில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓபன்ஸ்டாக்கில் புகழ்பெற்ற "தகுதியான ஹோஸ்ட் இல்லை" வரும். கம்ப்யூட் சேவை உயிரோடு இருக்கிறது, புதிய ஹோஸ்டுக்கு மட்டும் எதுவும் போகவில்லை என்றால், நோவா-மேனேஜ் கட்டளையால் ஹோஸ்டுகளைக் கண்டறியச் சொல்ல மறந்திருப்பீர்கள். செல் அமைப்பில் ஹோஸ்டைப் பதியும் வேலை இயல்பாகத் தானே நடக்காது. பதிந்தும் வரவில்லை என்றால் ஷெட்யூலர் லாக்: இடக் கணக்கு வைத்திருக்கும் பிளேஸ்மென்ட் சேவை ஒரு வேட்பாளரைக்கூடத் தரவில்லை என்ற வரி இருந்தால் இடம் இல்லை என்று பொருள், அது இல்லாமல் ஃபில்டர் பெயர்கள் இருந்தால் எந்த ஃபில்டரில் எண்ணிக்கை பூஜ்யமானது என்று பாருங்கள்.

ஹோஸ்டுக்கு என்று எவ்வளவு ரேம் விட்டுவைக்க வேண்டும்?

நோவாவின் இயல்பு 512 எம்பி. நிஜ ஹோஸ்டுக்கு அது போதவே போதாது. ஒவ்வொரு விஎம்முக்கும் கியூஎமு தனியாகக் கொஞ்சம் தின்னும். ஸ்டோரேஜையும் அதே ஹோஸ்டில் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். குறைவாக விட்டால், மெமரி தீரும்போது எழும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் இருப்பதிலேயே கொழுத்த ப்ராசஸைக் கொல்லும். அது உங்கள் மிக முக்கியமான டேட்டாபேஸ் விஎம்மாக இருக்கும்.

ஹியூஜ்பேஜ் (மெமரியைப் பெரிய பக்கங்களாக முன்கூட்டியே ஒதுக்குவது) பயன்படுத்துபவர்கள் கணக்கை இரண்டு முறை போடுங்கள். 256 ஜிபி ஹோஸ்டில் 1 ஜிபி பக்கங்கள் 240 ஒதுக்கினால், ஹியூஜ்பேஜ் கேட்காத விஎம்களுக்கும் ஹோஸ்டுக்கும் சேர்த்து 16 ஜிபிதான். மீதி 240 சும்மா கிடந்தாலும் மற்றவர் தொட முடியாது.

கடிகாரம்?

நேரத்தைச் சரியாக வைத்திருக்கும் குரோனி போடுங்கள், ஹோஸ்டைச் சேர்ப்பதற்கு முன்பே. நேரம் பின்தங்கிய ஹோஸ்ட், இப்போதுதான் உருவான சான்றிதழை "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளிவிடும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று தோன்றுகிறது. தப்பா?

தப்பில்லை. விஎம் ஏதும் இல்லாத ஹோஸ்டோடு மூன்றாவது மணி நேரமும் மல்லுக்கட்டுவதைவிட மறுபடி நிறுவுவது மலிவு. லாக்குகளை மட்டும் வேறெங்காவது எடுத்து வையுங்கள். அடுத்த ஹோஸ்டிலும் இதே கோளாறு வந்தால் உதவும்.

நிறுவுவதற்கு முன் மேலாண்மைத் திரையிலிருந்து பழைய ஹோஸ்டை முறையாக நீக்குங்கள். இல்லையென்றால் அதே ஐபியில் வரும் புதிய ஹோஸ்டை "ஏற்கெனவே இருக்கிறது" என்று தள்ளிவிடும். ஏஜென்டை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடுபவர்கள், ஏஜென்ட் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பையும் கையோடு நகர்த்திவிடுங்கள். பேக்கேஜை நீக்கினாலும் அந்தக் கோப்பு அப்படியே தங்கியிருக்கும், அதற்குள் பழைய அடையாள எண் இருக்கும், புதிய ஏஜென்ட் அந்தப் பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே வந்து நிற்கும்.